உறைபனிக்கு முன் மூடாக்கை விலக்குங்கள்

ஊர்ப் பொதுத்தோட்டத்தில் புதிதாக நட்ட பிளம்ஸ், பேரிக் கன்றுகளின் அடியில் கிடக்கும் சருகு மூடாக்கை, உறைபனி விழும் என்று தோன்றும் நாளில் காலையிலேயே ஒதுக்கிவிட்டு, ஒரு அடி ஆழம் நனையத் தண்ணீர் விடுங்கள். ஈர மண் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெல்ல விடும். சருகு கிடந்தால் வெயில் மண்ணுக்குள் இறங்காது, ராத்திரி சூடும் மேலே வராது. சாயங்காலம் ஆள் சேர்த்து வாளி தூக்குவதில் பெரிய பிரயோஜனம் இல்லை, வெயில் போயிருக்கும்.

மேகமோ காற்றோ உள்ள இரவில் உறைபனி விழுவது அபூர்வம், அன்று இந்த வேலையே வேண்டாம். இலை உதிர்த்து நிற்கும் பெரிய மரங்களுக்கும் தேவையில்லை. ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைக்குந்தா மாதிரிக் குளிர் தேங்கும் பள்ளங்களில் இது மட்டும் போதாது, ராத்திரிக்குத் தழையும் போர்த்த வேண்டும். பனிக்காலம் முடிந்ததும் சருகைத் திரும்பப் பரப்பிவிடுங்கள். மார்ச் வெயிலுக்கு அது வேண்டும்.