டூத்பிரஷ் ஸ்டாண்டின் அடியில் என்ன இருக்கிறது?

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, பல் தேய்க்க மாட்டேன் என்று என் மகள் அடம் பிடித்தாள். "அப்பா, பிரஷ் மீன் தொட்டி மாதிரி நாறுது" என்றாள். ஏழு வயசு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட என்ன வேண்டுமானாலும் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு பிரஷ்ஷை வாங்கி முகர்ந்தேன். நாறத்தான் செய்தது. ஆனால் நாற்றம் நாரில் இல்லை, கைப்பிடியின் அடியில் இருந்தது. ஒரு விரற்கடை உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் பண்ணாத கூத்து இல்லை. நாலு பிரஷ்ஷுக்கும் பிளாஸ்டிக் மூடி வாங்கினேன். பிரஷ்களைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். கிருமியைக் கொல்லும் என்று விற்கும், நீல விளக்கு எரியும் யு.வி. (புற ஊதா) பெட்டி ஒன்றுக்கும் காசைக் கொட்டினேன். கடைசியில் எண்பது ரூபாய் ஸ்பூன் ஸ்டாண்ட்தான் பிரச்சினையைத் தீர்த்தது. நீங்களும் அந்த ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் ஸ்டாண்டைச் சோதியுங்கள்

காது குடையும் பட்ஸ் ஒன்றை எடுத்து ஸ்டாண்டின் அடிமூலையில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வெள்ளையாகவே வெளியே வந்தால் நேராக நாலாவது படிக்குப் போய்விடலாம். கறுப்பாகவோ, பழுப்பாகவோ, ரோஸ் நிறத்திலோ வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

அந்த ரோஸ் நிறத்தைப் பக்கெட் ஓரத்திலும் குழாய் இடுக்கிலும்கூடப் பார்த்திருப்பீர்கள். துரு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பாக்டீரியா. செராஷியா மார்செசன்ஸ் என்று ஒரு வகை உண்டு. ஈரமும் சோப்பு மிச்சமும் இருந்தால் அதற்குப் போதும். பிரஷ் ஸ்டாண்டின் அடியில் தேங்கும் தண்ணீரில் இரண்டுமே கிடைக்கின்றன, கூடவே பேஸ்ட் கரைசலும் எச்சிலும். 2011-ல் என்.எஸ்.எஃப். என்ற அமைப்பு அமெரிக்காவில் 22 வீடுகளில் சோதனை செய்தது. கிருமிகள் அதிகம் இருந்த இடங்களில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் முதலிடம், சமையலறை சிங்க் இரண்டாமிடம், டூத்பிரஷ் ஸ்டாண்ட் மூன்றாமிடம். அங்கே சோதித்த ஸ்டாண்டுகளில் 27 சதவீதத்தில், மலக் கலப்பு இருக்கலாம் என்று காட்டும் கோலிஃபார்ம் வகைக் கிருமிகளும் இருந்தன.

இதைப் படித்துவிட்டு அலற வேண்டாம். நம் வாயிலேயே நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. பிரஷ்ஷில் இருக்கும் கிருமியால் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு நோய் வருகிறது என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்றுதான் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் சொல்கிறது. அதற்காக மீன் தொட்டி வாடையோடு பல் தேய்க்க முடியுமா?

2. ஸ்டாண்டை முழுசாகப் பிரியுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் ஸ்டாண்ட். வாரம் ஒருமுறை குழாயடியில் காட்டி நன்றாகத்தான் கழுவுவேன். மேலே பளபளவென்று இருக்கும். இரண்டு நாளில் நாற்றம் திரும்பிவிடும். தண்ணீர்தான் சரியில்லை, போர் தண்ணீர் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எரிச்சலில் அதைக் கவிழ்த்து உதறினேன். உள்ளே 'களக் களக்' என்று தண்ணீர் ஆடும் சத்தம்! மேலிருந்து பார்த்தால் தட்டையாக ஓர் அடித்தட்டு தெரியும். அதற்குக் கீழே இன்னொரு தட்டு இருந்திருக்கிறது. ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு பிளவு. அதில் பழைய ஏ.டி.எம். கார்டைச் செருகி நெம்பினேன். 'டக்'கென்று அடித்தட்டு கழன்றது.

உள்ளே இருந்தது ஆறிப்போன கேழ்வரகுக் கூழ் போல ஒன்று. மேலே ஆடை படிந்திருந்தது. ஆடையைக் கிழித்தால் கீழே கறுப்பு. இரண்டு வருஷச் சேமிப்பு. மேல்தட்டில் இருந்த ஊசித்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, வெளியே போக வழி இல்லை. நான் கழுவக் கழுவ அதற்குத் தீனி போட்டிருக்கிறேன்.

ஆக, உங்கள் ஸ்டாண்டைக் கையில் எடுத்து முதலில் ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் எங்கேயோ பிளவு இருக்கிறது, தேடுங்கள். சுவரில் திருகாணி போட்டு முடுக்கிய பீங்கான் வகையாக இருந்தால் கண்ணாடி டம்ளரை மட்டும் தூக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். டம்ளர் உட்காரும் வளையத்தின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பிரிக்கவே முடியாத, உள்ளே தண்ணீர் ஆடும் ஸ்டாண்ட் என்றால் ஒரே வழி குப்பைத் தொட்டி. அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

3. கழுவுதல்

பாத்திரம் தேய்க்கும் லிக்விட், சூடு தண்ணீர், ஒரு பழைய பிரஷ். முதலில் வழவழப்பு முழுவதும் போகும்வரை தேய்க்க வேண்டும். அதன் மேலேயே கிருமிநாசினியை ஊற்றினால் மேல்தோலோடு நின்றுவிடும். வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் எலுமிச்சை மூடியாலோ வினிகராலோ பத்து நிமிஷம் ஊறவைத்துத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். உப்புப் படிவின் சொரசொரப்பில்தான் வழவழப்பு சீக்கிரம் பிடிக்கிறது. அதனால் போர் தண்ணீர் வீடுகளில் இதை விட்டுவிடக் கூடாது.

பிளாஸ்டிக், பீங்கான் என்றால் கடைசியாக ப்ளீச். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலு டீஸ்பூன், அதாவது 20 மி.லி. ஐந்து நிமிஷம் வைத்து மூன்று தடவை அலசி வெயிலில் காயவையுங்கள். எவர்சில்வருக்கு ப்ளீச் வேண்டாம், புள்ளி விழும். அதற்குக் கொதிக்கும் தண்ணீரே போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, பட்ட பிறகு சொல்வது. ப்ளீச் ஊற்றி வைத்திருந்த மக்கிலேயே, 'இன்னும் கொஞ்சம் பளிச்சென்று வரட்டுமே' என்று டாய்லெட் கழுவும் ஆசிட் திரவத்தையும் ஊற்றினேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கண் எரிந்தது, தொண்டையைப் பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்துபோட்டு பால்கனிக்கு ஓடினேன். ப்ளீச்சில் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட ஆசிட்தான். அதனால்தான் மேலே 'நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்' என்று எழுதினேன். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம் என்று இருப்பது இன்னும் நல்லது.

4. எங்கே வைப்பது?

கம்மோடுக்குப் பக்கத்தில் பிரஷ் வைக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஃப்ளஷ் செய்யும்போது நுண்ணிய துளிகள் கிளம்பி, காற்றில் மிதந்து, பாத்ரூம் முழுக்கப் படிகின்றன என்று நுண்ணுயிரியல் ஆய்வாளர் சார்லஸ் கெர்பாவும் கூட்டாளிகளும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். 2022-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சி அதைப் படமே பிடித்துக் காட்டினார்கள். எட்டே நொடியில் ஒன்றரை மீட்டர் உயரம். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது பொதுக் கழிப்பறைகளில் இருக்கும் மூடியில்லாத வகை. வீட்டுத் தொட்டி ஃப்ளஷ் அவ்வளவு முரடு இல்லை.

மூடியைப் போட்டுவிட்டு ஃப்ளஷ் செய்தால் போதாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். 2024-ல் அதே கெர்பாவின் குழு வைரஸ்களை வைத்துச் சோதித்ததில், மூடி போட்டாலும் போடாவிட்டாலும் சுற்றுப்புறத்தில் படியும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. மூடிக்கும் பீங்கானுக்கும் நடுவே இருக்கும் சந்து வழியாகவே வந்துவிடுகிறது. மூடியைப் போடுங்கள், தப்பில்லை. பிரஷ்ஷை மட்டும் முடிந்தால் வெளியே கொண்டுவந்துவிடுங்கள். இந்தியன் டாய்லெட்டில் பக்கெட்டிலிருந்து வீசி ஊற்றும்போது தெறிப்பதும் தெறிப்புதான்.

எங்கள் ஃபிளாட்டில், பல வீடுகளில் இருப்பதுபோல, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கை கழுவ ஒரு வாஷ்பேசின் இருக்கிறது. அங்கே மாற்றலாம் என்றேன். "வர்றவங்க எல்லாம் நம்ம பிரஷ்ஷைப் பார்க்கணுமா?" என்று மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கடைசியில் பால்கனிக் கதவை ஒட்டிய சுவருக்குச் சம்மதம் கிடைத்தது. காற்றும் வரும், விருந்தாளி கண்ணிலும் படாது.

வெளியே வைக்க வழியே இல்லாத வீடுகளில், பாத்ரூமுக்குள்ளேயே கம்மோடிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, வெண்டிலேட்டர் பக்கமாக.

5. எதில் வைப்பது?

என் ஓட்டு எவர்சில்வர் ஸ்பூன் ஸ்டாண்டுக்குத்தான். சுற்றிலும் அடியிலும் ஓட்டை போட்டு, நாலு அறையாகப் பிரித்தது, பாத்திரக்கடைகளில் கிடைக்கும். தண்ணீர் நிற்காது. ஆளுக்கு ஓர் அறை என்பதால் ஒருவர் பிரஷ் இன்னொருவர் பிரஷ்ஷோடு உரசாது. வாரம் ஒருமுறை சட்டியில் போட்டுக் கொதிக்கவைக்கலாம். பிரஷ்ஷுக்கென்றே விற்கும் அலங்கார ஸ்டாண்டுகள் எதுவும் இதன் கால்தூசு பெறாது.

மூடி வேண்டாம். நானும் ஆசையாகத்தான் வாங்கினேன். நாலாம் நாள் கழற்றிப் பார்த்தால் நார் சொதசொதவென்று இருந்தது. ஈரத்தைப் பூட்டி வைப்பதற்கு மூடியைவிட நல்ல கருவி கிடையாது. யு.வி. பெட்டியும் மூடிய பெட்டிதானே. உள்ளே ஈரம் கோத்து, மூன்றே வாரத்தில் பேட்டரி முனை பச்சை பிடித்துவிட்டது.

6. தினசரி வேலை

பல் தேய்த்த பிறகு ஓடும் தண்ணீரில் பிரஷ்ஷைக் காட்டி, கட்டைவிரலால் நாரைப் பின்னோக்கி மடக்கி மடக்கி விடுங்கள். அடிவேரில் ஒளிந்திருக்கும் பேஸ்ட் வெள்ளையாக ஒழுகும். அது நிற்கும்வரை செய்ய வேண்டும், பத்து நொடி ஆகும். அப்புறம் வாஷ்பேசின் விளிம்பில் நாலு தட்டுத் தட்டி, நார் மேலே இருக்கும்படி நிறுத்திவையுங்கள். அவ்வளவுதான்.

டெட்டாலில் ஊறப்போடுவது, மவுத்வாஷில் முக்குவது எதுவும் தேவையில்லை. ஒரே டம்ளர் மவுத்வாஷில் வீட்டில் எல்லோருடைய பிரஷ்ஷையும் முக்கினால் ஒருவர் கிருமி எல்லோருக்கும் பங்கு போகும். கொதிக்கவைப்பதும் வேண்டாம். நைலான் நார் சூட்டில் இளகிவிடும். நான் கொதிக்கவைத்த நாலும் மயில் தோகை மாதிரி விரிந்துபோயின.

இந்தக் கூத்தையெல்லாம் ஊரிலிருந்து வந்த அம்மா ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சொல்வாங்களே, அந்தக் குச்சியை யாராச்சும் தேய்ச்சுட்டு மறுநாளைக்குன்னு எடுத்து வெச்சு பாத்திருக்கியாடா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

7. எப்போது தூக்கிப் போடுவது?

மூன்றிலிருந்து நாலு மாதம். நார் அதற்குள் வளைந்துவிட்டால் முன்கூட்டியே. தேதியை நினைவில் வைக்க எங்கள் வீட்டுக் கணக்கு: தை ஒன்று, சித்திரை ஒன்று, ஆடி ஒன்று, ஐப்பசி ஒன்று. சரியாக மூன்று மூன்று மாதம் வரும். தினசரி காலண்டரில் அந்த நாலு தாள்களிலும் பென்சிலால் 'பி' என்று எழுதிவிட்டேன்.

பழைய பிரஷ்ஷைக் குழாய் தேய்க்க வைத்துக்கொள்வீர்கள் என்றால் அதன் கைப்பிடியை உடனே பாதியாக வெட்டிவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு நாள் காலை அரைத்தூக்கத்தில் வாயில் வைத்த பிறகுதான் ருசி வித்தியாசம் தெரிந்தது.

பிற்சேர்க்கை 1: "திறந்து வைத்தால் ராத்திரி கரப்பான் ஏறாதா?" என்று ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள். ஏறும். இதை நான் யோசிக்கவில்லை, எங்கள் மாடிக்கு அது வருவது குறைவு. அரிசி களையும் ஓட்டைக் கூடையை ராத்திரி மட்டும் ஸ்டாண்ட் மேல் கவிழ்த்துவிடுங்கள். காற்று போகும், பூச்சி போகாது. கூடை உயரமாக இருக்க வேண்டும், நாரில் இடிக்கக் கூடாது. பாத்ரூம் தரையில் இருக்கும் சல்லடையையும் பூச்சி மேலேறாத வகையாக மாற்றிவிடுங்கள். அவை பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

பிற்சேர்க்கை 2: விடுதியில் இருக்கும் ஒரு மாணவி, பொது பாத்ரூமுக்குப் பிரஷ்ஷைப் பையில் எடுத்துப்போய்த் திரும்பவும் ஈரத்தோடு பையில் போடுவதாக எழுதியிருந்தார். அறைக்கு வந்ததும் வெளியே எடுத்து ஒரு டம்ளரில் நிறுத்திவையுங்கள். அடியில் ஒரு காகிதத்தை மடித்துப் போட்டு, தினமும் மாற்றினால் தண்ணீர் தேங்காது. ரயில் பயணத்துக்கு மூடி சரி, ஆனால் நாரைத் துணியில் ஒற்றிய பிறகு.

பிற்சேர்க்கை 3: அடைமழை ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டிலேயே காலையில் தேய்த்த பிரஷ் ராத்திரிவரை காயவில்லை. இப்போது ஆளுக்கு இரண்டு பிரஷ், காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் காய நேரம் கிடைக்கிறது. ஸ்பூன் ஸ்டாண்ட் இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. அதற்குள் விலை தொண்ணூறு ரூபாய்.