ஃபோர்க்லிஃப்ட் சாவியைத் திருகும் முன்: தினசரிச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி வட்டாரத்து நவீன அரிசி ஆலைகளில் எந்த வண்டிக்கும் ஓய்வு கிடையாது. வாசலில் லாரி நிற்கும், லோடுமேன்கள் காத்திருப்பார்கள், சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அந்த நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது, மூட்டைகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைக் கிளப்புவதற்கு முன் செய்ய வேண்டிய பத்து நிமிடச் சோதனை. சோதனை நின்றுபோனாலும் பதிவேட்டில் டிக் அடிப்பது மட்டும் நிற்பதில்லை. எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது என்பேன். அடுத்து ஏறுகிறவர் அந்தக் கையெழுத்தை நம்பித்தானே ஏறுகிறார்.

பதிவேட்டை ஆபீஸ் மேசையில் வைத்தால் அது மேசையில்தான் நிரப்பப்படும். ஒரு அட்டையில் கிளிப் போட்டு வண்டியிலேயே தொங்கவிடுங்கள். காலையில் ஒரு தடவை பார்த்தால் போதும் என்பதும் தவறு. தினமும் ஓட்டும் முன் சோதிக்க வேண்டும், இரவு பகலாக ஓடும் வண்டியை ஒவ்வொரு ஷிப்ட் முடிந்த பிறகும் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி சொல்கிறது. அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதற்கான காரணம் இங்கேயும் இருக்கிறது. காலையில் ஒருவர் பார்த்த வண்டியை இரவில் வேறொருவர் எடுக்கும்போது, நடுவில் அது எந்தத் தூணில் இடித்தது என்று அவருக்குத் தெரியாது.

அப்புறம், வரிசை. பலரும் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற விட்டுவிட்டுச் சுற்றிவந்து பார்க்கிறார்கள். என்ஜின் ஆயில், கூலன்ட், ஹைட்ராலிக் ஆயில் மட்டங்களை என்ஜின் ஓடாதபோதுதான், ஃபோர்க்குகளை, அதாவது சுமையைத் தாங்கும் முன்பக்க இரும்புக் கரங்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்தால் முகம் வெந்துபோகும். அதைவிட முக்கியம், வண்டியை நகர்த்துவதற்கு முன் அடியில் குனிந்து தரையைப் பார்ப்பது. இரவெல்லாம் நின்ற இடத்தில்தான் கசிவு தன்னைக் காட்டும். நம் ஆலைகளில் இதற்கு ஒரு இடைஞ்சல் உண்டு: தரையில் படிந்த தவிடு சொட்டிய எண்ணெயை உறிஞ்சிவிடும், கறை கண்ணில் படாது. எனவே வண்டியை நிறுத்தும் இடத்தைக் கூட்டிச் சுத்தமாக வைத்து, அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவிடுங்கள். காலையில் அட்டையைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று குழாயைக் கையால் தடவிப் பார்ப்பது மிக மோசமான பழக்கம். அழுத்தத்தில் இருக்கும் ஹைட்ராலிக் ஆயில், கண்ணுக்குத் தெரியாத துளை வழியாகப் பீறிட்டுத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிமுனை அளவு புள்ளிதான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்கவும் செய்யாது. ஆனால் உள்ளே தசை அழுகத் தொடங்கும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்கும்படி ஆகலாம். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கை வேண்டாம். ஆயில் பட்டுவிட்டால் காயம் சின்னதுதானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன நடந்தது என்று மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மாஸ்ட் (ஃபோர்க்குகள் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டம்) செயினும் அப்படித்தான். இரண்டு செயினும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்பதை ஒரு குச்சியால் அழுத்திப் பாருங்கள். விரலை மாஸ்ட்டுக்குள் விடாதீர்கள். செயின் நீளம் 3 சதவீதம் கூடிவிட்டால் மாற்ற வேண்டும். அதாவது புதிதில் 300 மில்லிமீட்டர் இருந்த பகுதி 309 ஆகிவிட்டால் அதன் வேலை முடிந்தது. அளப்பது மெக்கானிக் வேலை. துரு, இறுகிப்போன கண்ணி, வெளியே துருத்தும் பின் ஆகியவற்றை ஆபரேட்டர் தினமும் பார்க்கலாம். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் உப்புக் காற்றிலும், உரக் குடோன்களிலும் ஓடும் வண்டிகளுக்கு இது இரட்டிப்பு அவசியம். யூரியா, பொட்டாஷ் தூசி ஈரத்தோடு சேர்ந்தால் செயினையும் மின் இணைப்புகளையும் வேகமாக அரிக்கும்.

ஃபோர்க்கில் எல்லோரும் நுனியைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது குதிகாலை, அதாவது செங்குத்துப் பகுதியும் படுக்கைப் பகுதியும் சேரும் வளைவை. விரிசல் அங்கேதான் தொடங்கும், தேய்மானமும் அங்கேதான் அதிகம். 40 மில்லிமீட்டர் தடிமன் 36 ஆகிவிட்டால் 4 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சுமையில் வளையாமல் தாங்கும் வலு தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 10 சதவீதம் தேய்ந்தாலே சுமை தாங்கும் திறன் ஏறக்குறைய 20 சதவீதம் போய்விடுகிறது. அந்த அளவு தேய்ந்த ஃபோர்க்கை மாற்றிவிட வேண்டும். வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்து ஒப்பேற்றவே கூடாது. சூட்டில் இரும்பின் பதம் போய், சுமையோடு நிற்கும்போது திடீரென்று ஒடியும்.

நம் ஊர் ஆலைக்கென்றே சில சங்கதிகள் உண்டு. வண்டியோடு வந்த அச்சிட்ட பட்டியலில் இவை பெரும்பாலும் இருக்காது. முதலாவது உமி. காற்றில் பறக்கும் உமியும் தவிட்டுத் தூசியும் ரேடியேட்டர் இடுக்குகளில் அப்பிக்கொண்டு காற்றை அடைத்துவிடும்; கூலன்ட் முழுதாக இருந்தும் என்ஜின் கொதிக்கும். சைலன்சர் ஓரத்தில் சேரும் உமி தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. என்ஜின் ஆறியபின், கண்ணாடி அணிந்துகொண்டு, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டாவது சாக்கு நூல். மூட்டை தைத்த சணலும் பிளாஸ்டிக் நாரும் தரையில் கிடந்து சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். நாளடைவில் அது ஆயில் சீலை அறுத்துவிடும். பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று கழற்றினால் உள்ளே கைப்பிடி நார் இருக்கும். மூன்றாவது எலி. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், ஒயரையும் கடிக்கும். சீட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஐப்பசி மழையில் வேறொரு தொல்லை. நம் களிமண் செருப்பில் அப்பிக்கொண்டால் ஏறும்போது படி வழுக்கும், பிரேக் பெடலிலிருந்து கால் நழுவும். படியையும் பெடல் ரப்பரையும் துடைப்பதும் சோதனையில் சேர்த்திதான். டயர்களில் வெட்டு, பிய்ந்துபோன ரப்பர், தளர்ந்த நட்டு இருக்கிறதா பாருங்கள். காற்றடிக்கும் டயர் என்றால் இரு பக்கமும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும். தரையில் தெரியாத சாய்வு, பேலட்டை (மூட்டை அடுக்கும் பலகையை) நாலு மீட்டர் உயரத்துக்குத் தூக்கியதும் பெரிதாகிவிடும்.

பேட்டரி வண்டியானால் சார்ஜ் ஏறும் இடத்தில் பீடி, தீப்பெட்டி ஆகாது. அங்கே ஹைட்ரஜன் வாயு வெளியாகும். டிஸ்டில்ட் வாட்டரை சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும்.

இத்தனையும் பார்த்தபின்தான் சாவி. மேலே மின்கம்பியோ கூரைச் சட்டமோ இல்லாத இடத்தில், சுமையில்லாமல் மாஸ்ட்டை முழுதாக ஏற்றி இறக்கி, முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். பிரேக்கைத் தவிடு இல்லாத சுத்தமான சிமென்ட் தரையில், மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள். ஹேண்ட் பிரேக்கைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ரிவர்ஸ் ஹாரன் காதைக் குடைகிறது என்று ஒயரைப் பிடுங்கிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி. திருப்பும்போது வால்பக்கம் அகலமாக வீசும். ஆலை இரைச்சலில் பின்னால் குனிந்து சிந்திய அரிசியைக் கூட்டிக்கொண்டிருக்கும் அக்காவுக்கு அந்தச் சத்தம் ஒன்றுதான் எச்சரிக்கை.

சீட் பெல்ட்டைச் சோதிக்காமல் விடுவதற்கு, அதைப் போடுவதே இல்லை என்பதுதான் காரணம். வண்டி சாயும்போது குதித்துத் தப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். குதிப்பவர் மேல்தான் வண்டியின் கூரைச் சட்டம் வந்து விழும். பெல்ட்டோடு உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்ப்புறம் சாய்ந்துகொள்வதே பிழைக்கும் வழி.

எவ்வளவு எடை தூக்கலாம் என்று வண்டியில் எழுதியிருக்கும் திறன் பலகையைப் படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். ‘3 டன்’ என்று எழுதியிருந்தால், சுமையின் மையம் ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து வழக்கமாக 500 மில்லிமீட்டரில் இருக்கும்போதுதான் அந்தக் கணக்கு. 1,200 மில்லிமீட்டர் நீள பேலட்டில் மூட்டைகளைப் பரப்பி அடுக்கினால் மையம் 600-க்குப் போய்விடும், தூக்கும் திறன் குறையும்.

சரி, கோளாறு தெரிந்துவிட்டது. அப்போது நடப்பதுதான் வேதனை. “அண்ணே, இந்த ஒரு லோடை மட்டும் ஏத்திவிட்டுடுங்கண்ணே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார்கள். லாரிக்காரர் அவசரம் அவருக்கு. ஆபரேட்டர் அந்த இடத்தில் தனியாக நின்று மறுக்க வேண்டியிருப்பது அநியாயம். வண்டியை நிறுத்தும் அதிகாரம் ஆபரேட்டருக்கு உண்டு, அதற்காகக் கூலி பிடிக்க மாட்டோம் என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கோளாறான வண்டியின் சாவியை எடுத்துப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் ‘எடுக்காதே’ என்று தமிழில் பெரிதாக எழுதிய அட்டையைக் கட்டுங்கள். மெக்கானிக் பழுது பார்த்து முடித்தபின், முழுச் சோதனையையும் ஆபரேட்டர் முதலிலிருந்து ஒரு தடவை செய்த பிறகே அந்த அட்டையை அவிழ்க்க வேண்டும்.