எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கு எடை குறையும்போது

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர் மாதம் ஒருமுறை, ஒரே இயந்திரத்தில் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். 60 கிலோ இருந்தவர் முயலாமலேயே 54 கிலோவுக்கு இறங்குவது பத்தில் ஒரு பங்கு இழப்பாகும் என்பதால், அதுவரை காத்திராமல் முன்னதாகவே எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் தெரிவிப்பது நல்லது.

சத்துமாவு வாங்குவதற்கு முன் காரணத்தைக் கண்டறிய வேண்டும். இருமல், காய்ச்சல், இரவு வியர்வை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், ஏன், எடை குறைவு மட்டுமே இருந்தாலும், காசநோய்க்கான பரிசோதனை அவசியம். வாயில் வெண்படலம் படிந்து விழுங்க வலித்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றாகவே இருக்கும், மருந்தால் குணமாகும். அதுவரை குழைந்த பருப்புச் சாதம், ஆறிய கஞ்சி, தயிர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை உண்ணலாம். விழுங்குவதில் சிரமம் இல்லாதவர்களுக்கு முட்டையும் வேர்க்கடலையும் குறைந்த செலவில் புரதம் தரும். குமட்டினாலும் கூட்டு மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடமே கேட்க வேண்டும்.