வரவிருக்கும் மாநாடுகளில் எதற்குப் போவது? உயிரியல், வேதியியல் ஆய்வு மாணவர்களுக்கு

"அடுத்த ஆண்டு எந்தப் பன்னாட்டு மாநாட்டுக்குப் போகலாம்?" என்று என் ஆய்வுக்கூடத்து மாணவர்கள் கேட்டால் நான் உடனே பட்டியலை எடுத்துக் கொடுப்பதில்லை. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். தாள் வெறுமையாகத் திரும்பி வந்தால் அந்த ஆண்டு பயணம் வேண்டாம் என்பது என் முடிவு. ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்க எங்கேயும் போக வேண்டியதில்லை. இதழில் வருமுன்பே கட்டுரைகளை இணையத்தில் வெளியிடும் முன்வெளியீட்டுத் தளங்களே போதும்: உயிரியலுக்கு பயோஆர்கைவ் 2013இலும் வேதியியலுக்கு கெம்ஆர்கைவ் 2017இலும் வந்துவிட்டன. கட்டுரையில் எழுதப்படாதவற்றைக் கேட்கத்தான் மாநாடு: அந்த வினை ஏன் இரண்டாம் முறை நடக்கவில்லை, அந்தப் புரதம் எந்தக் கரைசலில் வீழ்படிவாகாமல் நின்றது, கைவிடப்பட்ட சேர்மங்கள் என்னவாயின.

நான் நொதித் தடுப்பான்களில் வேலை செய்கிறவள். வேதியியலாளர்களுக்கு நடுவில் உயிரியலாளராகவும், உயிரியலாளர்களுக்கு நடுவில் வேதியியலாளராகவும் பார்க்கப்படும் இடம் அது. அதனால் இரு பக்கத்து மாநாடுகளும் எனக்குப் பழக்கம். அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

கூட்டத்தின் இயல்பை அறிதல்

அமெரிக்க வேதியியல் கழகம் ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், நடத்தும் கூட்டங்களுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வருவதுண்டு. ஐயுபிஏசி என்ற பன்னாட்டு வேதியியல் அமைப்பின் உலக வேதியியல் மாநாடு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு மாறி நடக்கிறது. 2023இல் தி ஹேக் நகரிலும் 2025இல் கோலாலம்பூரிலும் நடந்தது. வேலை தேடுகிறவர்களுக்கும், துறை மாற நினைக்கிறவர்களுக்கும், கருவி நிறுவனங்களின் கண்காட்சியில் புதிய நிறமாலைமானியை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இத்தகைய பெருங்கூட்டங்கள் ஏற்றவை. ஒரு நுணுக்கமான சிக்கலை அவிழ்க்க அவை ஏற்றவை அல்ல. நீங்கள் தேடுகிறவர் மூன்று கட்டடங்களுக்கு அப்பால் வேறோர் அமர்வில் இருப்பார்.

முனைவர் பட்டத்தின் நடுப்பகுதியில் இருக்கும் மாணவருக்கு நான் பெரும்பாலும் சிறு கூட்டங்களையே சொல்வேன். 1931இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கோடைக்காலக் கூட்டங்களாகத் தொடங்கியவை கார்டன் ஆய்வு மாநாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 200 பேர் வருவார்கள். ஒரே அரங்கு, ஒரே உணவுக்கூடம். பிற்பகலைத் திட்டமிட்டே காலியாக விட்டிருப்பார்கள். அங்கே திரையையோ போஸ்டரையோ படம் எடுக்கக்கூடாது, கேட்டதை மேற்கோள் காட்டக்கூடாது. அந்த விதி இருப்பதால்தான் பெரிய ஆய்வாளர்களும் பாதியில் நிற்கும் வேலையைத் துணிந்து காட்டுகிறார்கள். பல தலைப்புகளில், மாநாட்டுக்கு முந்தைய இரண்டு நாட்களில் மாணவர்களுக்கும் முதுமுனைவர் ஆய்வாளர்களுக்கும் மட்டுமான கருத்தரங்கு ஒன்று உண்டு. இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். அந்த இரண்டு நாட்களில் பழகிய முகங்கள் அடுத்த ஐந்து நாட்களும் துணையாக இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கின்றன என்பதால், தவறவிட்டால் உங்கள் ஆய்வுக்காலமே முடிந்துவிடலாம். நாட்காட்டியில் முதலில் குறிக்க வேண்டியவை இவையே.

இதற்கு நேர் எதிரான மரபும் வேதியியலில் இருக்கிறது. 1907 முதல் நடந்துவரும் ஃபாரடே விவாதங்களில் கட்டுரைகள் முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பப்படுகின்றன. எழுதியவருக்குப் பேச ஐந்து நிமிடம். மீதி நேரம் முழுவதும் கேள்வியும் மறுப்பும். அந்த விவாதமும் பதிவு செய்யப்பட்டுக் கட்டுரைகளோடு அச்சேறுகிறது. ஓரிடத்தில் எதுவும் வெளியே போகாது. மற்றோரிடத்தில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் வெளியே வரும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை எங்கும் அனுப்பாதீர்கள்.

உயிரியல் பக்கத்தில் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம், ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம், கீஸ்டோன் கருத்தரங்குகள் ஆகிய மூன்றின் அட்டவணைகளையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். கோல்டு ஸ்பிரிங் ஹார்பரின் ஆண்டுக் கருத்தரங்கு 1933இல் தொடங்கியது. 1953இல் வாட்சன் டிஎன்ஏ இரட்டைச் சுருளைப் பற்றிப் பேசியதும், 1986இல் முல்லிஸ் டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையைப் பற்றிப் பேசியதும் அங்கேதான். இன்றும் அங்கே முழு ஆய்வு முடிவுகளோடு போஸ்டர் கொண்டுவரும் மாணவருக்கு இடம் கிடைக்கிறது.

மாநாடுகளின் பெயர்கள் தெரியாத துறையில் இருக்கிறீர்களா? நீங்கள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டும் ஐந்து ஆய்வாளர்களின் ஆய்வுக்குழுப் பக்கங்களைத் திறந்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் எங்கே பேசினார்கள் என்று பாருங்கள். மூவர் ஒரே மாநாட்டுக்குப் போயிருந்தால் உங்கள் மாநாடு அது. எந்தப் பட்டியலையும்விட இந்த வழியை நான் நம்புகிறேன்.

போலிகளை விலக்குதல்

முதல் கட்டுரை வெளியான மறுவாரமே மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். "மதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று முதலாண்டு மாணவரை அழைக்கும் கடிதங்கள் அவை. ஒரே மாநாட்டில் நானோ தொழில்நுட்பம், பல் மருத்துவம், வேளாண் வேதியியல், புற்றுநோய் எல்லாம் இருக்கும். ஆய்வுச் சுருக்கம் அனுப்பினால் ஒரே நாளில் ஏற்பு வந்துவிடும். யாரும் படித்திருக்க மாட்டார்கள். பதிவுக் கட்டணம் மட்டும் உடனே கேட்கப்படும்.

இது சிறு தொல்லை அல்ல. இத்தகைய இதழ்களையும் மாநாடுகளையும் நடத்திய ஒரு குழுமத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2016இல் வழக்குத் தொடர்ந்தது. வர ஒப்புக்கொள்ளாத அறிஞர்களின் பெயர்களைப் பேச்சாளர் பட்டியலில் போட்டு விளம்பரம் செய்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த உத்தரவிட்டது.

சோதிப்பது எளிது. பேச்சாளர் பட்டியலில் உங்களுக்கு நெருக்கமான துறையைச் சேர்ந்த ஒருவரைத் தேர்ந்து, அவருடைய பல்கலைக்கழக முகவரிக்கே இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். பெரும்பாலானோர் பதில் எழுதுவார்கள். சென்ற முறை நடந்த மாநாட்டின் முழு நிகழ்ச்சி நிரல் கிடைக்கிறதா, அதே அமைப்பு அதே விடுதியில் அதே நாளில் வேறு பெயர்களில் இன்னும் எத்தனை மாநாடுகளை அறிவித்திருக்கிறது என்றும் பாருங்கள். புகழ்பெற்ற கழகங்களின் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயர்களும் உண்டு. இணைய முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 'திங்க், செக், அட்டெண்ட்' என்ற இலவசக் கேள்விப் பட்டியல் ஒன்றும் இதற்கென்றே இணையத்தில் இருக்கிறது. ஐயம் தீராவிட்டால் போகாதீர்கள். உழைத்துச் சேர்த்த தரவை யாரும் இல்லாத அறைக்குக் கொண்டுபோகும் மாணவரைப் பார்ப்பது எனக்குப் பெரும் வேதனை.

தேதிகள்

பதிவுக்கான கடைசி நாள்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதற்குப் பல வாரங்கள் முன்பே ஆய்வுச் சுருக்கத்துக்கான நாள் முடிந்துவிடும். பயண நல்கைக்கான நாள் அதோடு சேர்ந்தோ அதற்கும் முன்போ வரும். ஆகவே நல்கைத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். நெறியாளரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு கேட்டால் நல்ல கடிதம் வராது.

விசா தேவைப்படும் பாஸ்போர்ட் உள்ளவர்கள், ஏற்பு வந்த அன்றே அழைப்புக் கடிதம் கேட்டுவிட வேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்த இடைவெளியை வீணாக்காதீர்கள்.

ஆய்வுச் சுருக்கம்

"முடிவுகள் விரிவாக விவாதிக்கப்படும்" என்று முடியும் சுருக்கத்தை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். முடிவு இருந்தால் அதை எழுதுங்கள், எண்ணோடு எழுதுங்கள். முடிவு இன்னும் வரவில்லை என்றால், எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை செய்கிறீர்கள் என்பதைத் துணிவாகச் சொல்லுங்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர் ஓர் இரவில் பல பத்துச் சுருக்கங்களைப் படிப்பார். முதல் இரண்டு வரிகளில் உங்கள் நொதியின் பெயரும் சிக்கலும் தெரிந்துவிட வேண்டும்; துறையின் முக்கியத்துவத்தை அவருக்கே பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அனுப்பும் முன் காப்புரிமையை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்தில், நீங்களே முன்பு வெளிப்படையாகக் காட்டிய ஒன்று புதுமை என்ற தகுதியை இழந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. அதற்கும் எல்லை இருக்கிறது. 1998இல் ஓர் எண்ணெய் வேதியியலாளர் கூட்டத்தில் சோயா நார் பற்றிய போஸ்டர் ஒன்று இரண்டரை நாள் மாட்டப்பட்டிருந்தது. அச்சடித்த பிரதி யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஆனாலும் அதை வெளியீடாகவே கருத வேண்டும் என்று 2004இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஓராண்டு கடந்து போட்ட காப்புரிமை விண்ணப்பம் தோற்றது. புதிய மூலக்கூறு ஏதேனும் இருந்தால், சுருக்கம் அனுப்புவதற்கு முன்பே நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவுக்குப் போய்வாருங்கள்.

போஸ்டர்

வாய்மொழி உரை கிடைக்கவில்லையே என்று மாணவர்கள் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பன்னிரண்டு நிமிட உரையில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு கேள்விகள். போஸ்டருக்கு முன் இரண்டு மணி நேரம் நின்றால் உங்கள் ஆய்வின் ஒவ்வொரு பலவீனமும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

என் மாணவி ஒருத்தி அழகான தடுப்பான் வரிசை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். வளைகோடுகள் எல்லாம் நேர்த்தியாக இருந்தன. போஸ்டரைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒருவர், "0.01 விழுக்காடு டிரைட்டன் எக்ஸ்-100 சேர்த்தும் இது வேலை செய்கிறதா?" என்று மட்டும் கேட்டார். சில சேர்மங்கள் கரைசலில் நுண்திரள்களாகச் சேர்ந்து, எந்த நொதியையும் தம்மேல் ஒட்டவைத்து முடக்கிவிடும். பார்ப்பதற்கு உண்மையான தடுப்பு போலவே இருக்கும். டிரைட்டன் போன்ற டிடர்ஜெண்ட் சிறிது சேர்த்தால் திரள் உடைந்து, பொய்த் தடுப்பு மறைந்துவிடும். அவள் திரும்பி வந்து முதல் வேலையாக அந்தச் சோதனையைச் செய்தாள். அந்த வரிசையில் பாதிச் சேர்மங்கள் விழுந்துவிட்டன. நின்றவற்றின் மேல்தான் அவளுடைய ஆய்வேடு முழுவதும் எழுந்தது. அந்த மனிதரின் பெயரைக்கூட அவள் அன்று கேட்டுக்கொள்ளவில்லை; நன்றியுரையில் பெயரின்றியே குறிப்பிட்டாள்.

அந்தக் கேள்வி வரவேண்டுமானால், கேட்பவர் சில நொடிகளில் உங்கள் சோதனையைப் புரிந்துகொள்ள வேண்டும். 2019இல் மைக் மாரிசன் என்ற உளவியல் ஆய்வாளர், போஸ்டரின் நடுவில் முக்கிய முடிவை ஒரே வாக்கியமாகப் பெரிய எழுத்தில் போடும் வடிவத்தை முன்வைத்தார். வேதியியலுக்கு அதை அப்படியே நான் ஏற்கவில்லை. மூலக்கூறு அமைப்பைப் பார்க்காமல் எந்த வேதியியலாளரும் நிற்க மாட்டார். நடுவில் அந்த வாக்கியம், அதன் கீழேயே மூலக்கூறு, பக்கத்தில் தீர்மானமான ஒரே வரைபடம் என்று வைக்கச் சொல்கிறேன். சோதனை நிலைகளை, அதாவது செறிவு, வெப்பநிலை, கரைசல் எல்லாவற்றையும், கண்டிப்பாக எழுதுங்கள். டிரைட்டன் கேள்வி பிறந்தது அந்தச் சிறிய எழுத்திலிருந்துதான்.

பலகையின் அளவையும் அது நெடுக்கா கிடைமட்டமா என்பதையும் முதலில் பாருங்கள். ஏ0 தாள் 84.1க்கு 118.9 சென்டிமீட்டர். ஒளிர்வுப் படங்களில் சிவப்பு, பச்சைக்குப் பதிலாக மெஜந்தா, பச்சை பயன்படுத்தினால் நிறக்குறைபாடு உள்ளவர்களும் பார்க்க முடியும். வெட்டாத முழு ஜெல் படங்களையும், மூலக்கூறு அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலைகளையும் கையில் வைத்திருங்கள். அக்கறையுள்ளவர் கேட்பது அவற்றைத்தான்.

கையடக்கப் பிரதிகளும் கொண்டுபோங்கள். 1860 செப்டம்பரில் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய முதல் பன்னாட்டு வேதியியல் மாநாடு, அணு எடைகளைப் பற்றி உடன்பாடு எதுவும் எட்டாமலே முடிந்தது. முடிவில், அணு எடைகளைக் கணக்கிடும் முறையை விளக்கி இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ எழுதிய சிற்றேட்டை அவருடைய நண்பர் பவேசி வந்தவர்களுக்குக் கொடுத்தார். ஜெர்மன் வேதியியலாளர் லோதர் மேயர் அதை ஊர் திரும்பும் வழியில் படித்துத் தெளிந்தார். பின்னாளில் அவரைப் போலவே அணு எடைகளைக் கொண்டு தனிம அட்டவணை வகுத்த மெண்டலீவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மூன்று நாள் விவாதத்தால் முடியாததைச் சட்டைப்பைக்குள் போன சில பக்கங்கள் செய்தன.

அங்கே போன பிறகு

எல்லா அமர்விலும் உட்காராதீர்கள். முந்தின இரவு நிகழ்ச்சி நிரலைப் படித்து, நீங்கள் எழுதிய தாளில் உள்ள பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சாளரை உரை முடிந்ததும் மொய்க்கும் கூட்டத்தில் அணுகுவதைவிட, அவருடைய மாணவர்களின் போஸ்டருக்குப் போங்கள். சோதனையைக் கையால் செய்தவர்கள் அவர்கள். விடை அவர்களிடம்தான் இருக்கும். "உங்கள் ஆய்வு அருமை" என்று தொடங்க வேண்டாம். "உங்கள் மூன்றாவது படத்தில் பிஎச் 6க்குக் கீழே ஏன் போகவில்லை?" என்று தொடங்குங்கள்.

இரவு தூங்கும் முன் அன்று கேட்டவற்றை எழுதிவிடுங்கள். மூன்று நாள் கழித்து எந்தக் கரைசல் யார் சொன்னது என்பது கலந்துவிடும். திரும்பிய ஒரு வாரத்துக்குள், பேசியவர்களுக்கு ஒருபக்கம் தாண்டாத மின்னஞ்சல் அனுப்புங்கள்: அவர் சொன்ன சோதனை எது, அதை எப்போது செய்யப் போகிறீர்கள், அவர் தருவதாகச் சொன்ன பிளாஸ்மிட் (மரபணுவை ஏற்றிச்செல்லும் வட்ட டிஎன்ஏ) அல்லது சேர்மத்துக்கு எந்தப் படிவம் வேண்டும். சோதனை முடிந்ததும், எதிர்பார்த்தபடி வரவில்லை என்றாலும், முடிவை அவருக்கு எழுதுங்கள்.