ஸ்பானிஷில் 'கெதார்': ஒரு வினைச்சொல், பல வேலைகள்

அகராதியில் 'கெதார்' (quedar) என்று தேடினால் மீதமிரு, தங்கு, சந்திக்க ஏற்பாடு செய் என்று பொருள்கள் வரிசைகட்டி வரும். 1713-இல் தொடங்கிய மொழி அமைப்பான ஸ்பானிஷ் ராயல் அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசம்தான். ஆனால் முதல் நாளே அந்தப் பதிவு முழுவதையும் படிக்க உட்காராதீர்கள், தலை சுற்றும். சொல்லுக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள், போதும்.

படி 1: உச்சரிப்பு. எழுத்தில் 'கியூ'வுக்குப் பின்னால் வரும் 'யூ'வுக்கு ஒலி இல்லை. நடுவில் வருவது 'அது' என்பதில் உள்ள அதே மென்மையான 'த'. இங்கே அழுத்தம் விழும் இடத்தை நெடிலாக எழுதியிருக்கிறேன்.

படி 2: 'மீதம் இருக்கிறது'. 'மெ கேதன் தோஸ் லீப்ரொஸ்' என்றால் எனக்கு இரண்டு புத்தகங்கள் மீதம் இருக்கின்றன. 'மெ' என்பது நம் 'எனக்கு'. வினை புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, என்னோடு அல்ல. ஒரே புத்தகம் என்றால் 'கேத'. தமிழ் வாக்கியமும் இப்படித்தான் என்பதால் நமக்கு இது சுலபம்.

படி 3: 'கெதார்செ' (quedarse), அதாவது செய்பவரையே திரும்பிச் சுட்டும் வடிவம். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். 'கெதே கொன் மரீய' என்றால் மரியாவைச் சந்திப்பதாகப் பேசிவைத்தேன். முன்னால் ஒரு 'மெ' சேர்த்து 'மெ கெதே கொன் மரீய' என்றால் மரியாவுடனே தங்கிவிட்டேன்! இந்த 'மெ' படி 2-இல் பார்த்த 'எனக்கு' அல்ல. செய்பவரையே திரும்பிச் சுட்டுவது. பல இடங்களில் நம் 'கொள்', 'போ' துணைவினைகள் இதற்குப் பொருந்தும். கடையில் 'மெ லொ கேதொ' என்றால் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். 'மெ கெதே தொர்மீதொ' என்றால் தூங்கிப்போனேன் (சொல்பவர் பெண் என்றால் 'தொர்மீத').

படி 4: இடம் கேட்பது. 'தோந்தெ கேத ல எஸ்தசியோன்?' ஸ்டேஷன் எங்கே இருக்கிறது? லத்தீன் அமெரிக்காவில் அடிக்கடி கேட்கலாம். கட்டடம், ஊர் மாதிரி நகராதவற்றுக்கு மட்டும். தொலைந்த சாவியைத் தேடும்போது இது சரிவராது, 'இரு' என்று பொருள்படும் 'எஸ்தார்' வேண்டும்.

படி 5: பயிற்சி. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அப்புறம் அதில் 'மெ' இருந்தால் எடுத்துவிட்டும், இல்லாவிட்டால் சேர்த்தும் பாருங்கள். சிலவற்றில் பொருள் மாறும், சிலவற்றில் வாக்கியமே உடையும். உடைந்தவற்றைத் தனியாகக் குறித்துவைத்து ஸ்பானிஷ் தெரிந்தவரிடம் கேளுங்கள்.