நட்டு ரவுண்ட் ஆகாமல் இருக்க எந்த ஸ்பேனர்?

நட்டு அசையவில்லை என்றால் பலர் பலத்தைத்தான் கூட்டுகிறார்கள், ஸ்பேனரை மாற்றிப் பார்ப்பதில்லை. நட்டின் மூலைகள் மழுங்கி ரவுண்ட் ஆகிவிட்டால் அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. உளி வைத்து வெட்டியோ அறுத்தோதான் எடுக்க வேண்டும். நானும் அப்படி அறுத்து எடுத்திருக்கிறேன். ஐந்து நிமிட வேலைக்கு அரை நாள் போனது.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போது, அது நட்டை எத்தனை இடத்தில் பிடிக்கிறது என்று பாருங்கள். வாய் திறந்த ஓப்பன் ஸ்பேனர் ஆறு பக்க நட்டில் எதிரெதிரான இரண்டு பக்கங்களை மட்டும் பிடிக்கிறது. இறுகிய நட்டில் அழுத்தம் முழுவதும் இரண்டு மூலைகளில் விழுவதால் வாய் விரிந்து வழுக்கும். ரிங் ஸ்பேனர் நட்டைச் சுற்றி வளைத்துப் பிடிப்பதால் அந்தப் பாரம் பகிரப்படுகிறது. இறுக்கத்தை உடைக்க ரிங், தளர்ந்த பிறகு வேகமாகச் சுழற்ற ஓப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை ரிங்காகவும் மறு முனை ஓப்பனாகவும் உள்ள காம்பினேஷன் ஸ்பேனர் இதற்காகவே இருக்கிறது. புதிதாக வாங்குபவருக்கு முதலில் இந்த செட்டைத்தான் சொல்வேன்.

ரிங்கிலும் இரண்டு வகை உண்டு. உள்ளே 12 மூலை இருந்தால் 30 டிகிரிக்கு ஒருமுறை மாற்றிப் போடலாம்; கை அதிகம் அசைய முடியாத இடுக்குக்கு அது நல்லது. துருப்பிடித்த நட்டுக்கும் பாதி மழுங்கிய நட்டுக்கும் 6 மூலைதான் சரி.

திருகைச் சுழற்றி வாயின் அளவை மாற்றும் ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்பது பரவலான நம்பிக்கை. ஸ்வீடனின் யோஹான் பெட்டர் யோஹான்சன் 1892இல் காப்புரிமை பெற்ற அருமையான கருவி அது. அளவு தெரியாத இடத்தில் கைகொடுக்கும். ஆனால் திருகில் ஓடும் தாடையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கவே செய்யும். அதைத் தலைகீழாகப் பிடிப்பதுதான் பெரிய தவறு. நீங்கள் இழுக்கும் பக்கத்தில் நகரும் தாடை இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் நிலையான தாடையில் விழும்.

அளவு விஷயத்தில் 'கிட்டத்தட்ட' கூடாது. அரை அங்குல ஸ்பேனருக்கான நட்டு பக்கத்துக்குப் பக்கம் 12.7 மி.மீ.; அதில் 13 மி.மீ. ஸ்பேனர் தாராளமாக ஏறும், அழுத்தினால் மூலையைத் தின்றுவிடும். முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. என்பதால் 19 மி.மீ. ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்திவிடும். இந்த ஒன்றை வைத்து மற்ற அளவுகளையும் நம்பிவிடாதீர்கள்.

பைப் ரெஞ்சின் பற்கள் உருண்டையான குழாயைக் கடித்துப் பிடிப்பதற்கானவை, அதுவும் ஒரு திசையில் மட்டும். அதை நட்டில் போட்டால் பக்கங்கள் சிதையும், பளபளப்பான குழாயில் போட்டால் தழும்பு விழும்.

கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்குவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஸ்பேனரின் நீளமே அது தாங்கும் பலத்தை வைத்து முடிவு செய்யப்பட்டது. நீளம் இரட்டித்தால் அதே கைவலிமைக்கு நட்டின் மேல் முறுக்கு இரட்டிக்கும். போல்ட் முறியலாம், ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழியலாம். துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், பிறகு நீளமான ரிங் ஸ்பேனரால் உங்களை நோக்கி இழுங்கள். டார்க் ரெஞ்சை இதற்கு எடுக்கவே வேண்டாம். அளந்து இறுக்குவதற்கான கருவி அது, இறுகியதை உடைக்கப் பயன்படுத்தினால் அதன் அளவு பிசகிவிடும்.