பெரிய பின்னங்களைச் சுருக்க: கழித்துப் பார்த்தால் காரணி சிக்கும்

1147/1517-ஐச் சுருக்கச் சொன்னால் பலரும் 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்ப்பார்கள். 31 வரை போனாலும் இரண்டையும் சேர்த்து வகுக்கும் எண் அகப்படாது. இதற்கு மேல் சுருங்காது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் சுருங்கும்.

பகுதியிலிருந்து தொகுதியைக் கழியுங்கள்: 1517 − 1147 = 370. இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே ஆக வேண்டும். ஆகவே பொதுக் காரணி எதுவானாலும் 370-க்குள்தான் இருக்கிறது. 370 = 2 × 5 × 37. 1147 ஒற்றைப்படை எண், 2 ஆகாது. கடைசி இலக்கம் 0-வும் இல்லை, 5-உம் இல்லை. அதனால் 5-உம் ஆகாது. மிச்சம் 37. 37 × 31 = 1147, 37 × 41 = 1517. விடை 31/41.

வித்தியாசமே பெரிதாக வந்தால் யூக்ளிட் வழியில் தொடர்ந்து வகுத்து, மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். 391/1081-ஐப் பாருங்கள். 1081-ஐ 391-ஆல் வகுக்க மீதி 299. 391-ஐ 299-ஆல் வகுக்க மீதி 92. 299-ஐ 92-ஆல் வகுக்க மீதி 23. 92-ஐ 23-ஆல் வகுக்க மீதி 0. கடைசியாக வகுத்த 23-தான் மீப்பெரு பொதுக் காரணி. பின்னம் 17/47 ஆகிறது. எந்த எண்ணையும் பகாக் காரணிகளாகப் பிரிக்காமலே வேலை முடிந்துவிட்டது.

சிறிய எண்களுக்கு இவ்வளவு தேவையில்லை. 51, 57, 87 பகா எண்கள்போலத் தோன்றும். இலக்கங்களைக் கூட்டினால் 3-ஆல் வகுபடுவது தெரிந்துவிடும். 91, 119, 133 மூன்றும் 7-இன் மடங்குகள். இவற்றை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது, பலர் சறுக்கும் இடம் இது.

பெருக்கலாக இருந்தால் பெருக்கிவிட்டுச் சுருக்காதீர்கள். (36 × 35)/(84 × 45)-இல் 36-உம் 84-உம் 3/7 ஆகும், 35-உம் 45-உம் 7/9 ஆகும். 7-ஐ அடித்தால் 3/9, அதாவது 1/3.

அதிகம் மதிப்பெண் போவது கூட்டலில்தான். (14 + 21)/49-இல் 14-ஐயும் 49-ஐயும் மட்டும் 7-ஆல் அடித்து (2 + 21)/7 என்று எழுதுகிறார்கள். தவறு. அடிப்பது என்றால் தொகுதி முழுவதையும் பகுதி முழுவதையும் ஒரே எண்ணால் வகுப்பது. 21-ஐ வகுக்காமல் விட்டால் மதிப்பே மாறிவிடும். முதலில் 7-ஐப் பொதுவாக வெளியே எடுங்கள்: 7(2 + 3)/(7 × 7) = 5/7. வர்க்கங்களின் கழித்தலுக்கும் இதே முறைதான்: (65² − 35²)/120 என்பது (65 − 35)(65 + 35)/120, அதாவது 30 × 100/120 = 25.

தொகுதி முழுவதும் அடிபட்டால் அங்கே 1 நிற்கும், 0 அல்ல: 13/91 = 1/7.

சரிபார்க்கக் குறுக்கே பெருக்குங்கள். 1147 × 41, 1517 × 31 இரண்டுமே 47027. மதிப்பு மாறவில்லை என்பதை மட்டுமே இது காட்டும். முழுக்கச் சுருங்கியதா என்று அறிய மறுபடி கழியுங்கள்: 41 − 31 = 10; 31-ஐ 2-உம் வகுக்காது, 5-உம் வகுக்காது. இனிச் சுருங்காது.